கௌதள்ளிக்காரரின் ஈக்கள்

மருந்து செய்கிற கம்பெனியில் ஒருவர் ஈ வளர்த்தார் என்றால் இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். நான் அவருக்கு அடுத்த அறையில் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தவள். அந்த ஈக்களில் பாதி என் காபி டம்ளரில் விழுந்துதான் உயிரை விட்டன.

தொண்ணூறுகளில் மைசூரில் மேட்டகள்ளிப் பக்கம் இருந்தது எங்கள் ஆயுர்வேத மருந்து கம்பெனி. பெர்மிட், ரிஜிஸ்டர், கடிதப் போக்குவரத்து என் வேலை. அவர் சரக்கு அறைக்குப் பொறுப்பு. மூட்டையில் வருகிற வேர், இலை, பட்டை எதுவானாலும் அவர் மூக்கைத் தாண்டித்தான் உள்ளே போகும். ஹனூர் தாண்டி கௌதள்ளியிலிருந்து வந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கௌதள்ளிக்காரர். சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஐம்பதை நெருங்கிய வயது, ஒல்லியான உடம்பு. சட்டைப் பையில் மூட்டைத் தையலை வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல் எப்போதும் இருக்கும். எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: "பூச்சி மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சுங்க?" தேவராஜா மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் விற்கிறவனிடம் கன்னடத்தில் கேட்பார். அவன் கண்டதுண்டா, லாரியில் வந்ததை அடுக்கி வைத்திருப்பான். "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லோணும். நேத்துப் பறிச்சதுன்னு எதுக்குங்க சொல்றீங்க?" என்று தமிழுக்கு மாறி முணுமுணுத்துக்கொண்டே நகர்வார். எங்கள் சாப்பாட்டு மேசையிலும் விட மாட்டார். "அம்முணி, அந்த பீன்ஸ் எங்க வாங்கினதுங்க?" என்று என்னைக் கேட்ட நாளில் நான் டப்பாவை மூடிக்கொண்டு என் அறைக்குப் போய்விட்டேன். பசியோடு உட்கார்ந்திருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது?

ஆயுத பூஜை ஒன்று நினைவுக்கு வருகிறது. முதலாளியின் மனைவி தட்டு நிறைய திராட்சை வைத்து, மேலே ரோஜா இதழ்களைத் தூவி அழகு செய்திருந்தார். ஆரத்தி முடிந்து தட்டு சுற்றுக்கு வந்தது. கௌதள்ளிக்காரரிடம் வந்ததும் நின்றது. ஒவ்வொரு இதழாகப் பொறுக்கி எடுத்துத் தரையில் போட ஆரம்பித்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ன செய்றீங்க?" என்றார் அந்த அம்மா.

"ரோசாவுக்கு நேத்துக் காலையில கூட மருந்து அடிச்சிருப்பாங்கம்மா. பூவ யாரும் திங்கறதில்லையேன்னு நாள் கணக்குப் பார்க்க மாட்டாங்க. இத்தப் போயி திங்கறதுக்கு மேல போட்டிருக்கீங்களே."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் அந்தத் திராட்சையை அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. முதலாளி ஒரு மாதம் கௌதள்ளிக்காரரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சரியாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு அவ்வளவாகப் பிரியம் கிடையாது. வாயை மூடிக்கொண்டு சரியாக இருக்கக் கூடாதா என்று தோன்றும்.

இத்தனையும் எங்கே கற்றார் என்று டீ குடிக்கிற நேரத்தில் ஒரு நாள் கேட்டேன். குண்டலுபேட்டையில் பூச்சி மருந்துக் கடையில் பன்னிரண்டு வருஷம் விற்பனைக்கு நின்றாராம். மூடி திறந்தால் எது என்ன மருந்து என்று மூக்கே சொல்லிவிடுமாம். ஒரு நாள் கீரை போடுகிற ஒருவனுக்குப் பொடி ஒன்று விற்றிருக்கிறார். அடித்து எட்டு நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறார். மூன்றாம் நாள் சந்தையில் அதே ஆளிடம் இவர் மனைவி இரண்டு கட்டுக் கீரை வாங்கி வந்திருக்கிறார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் ஆகலீங்க. ரெண்டு நாள் வாந்தி. சரியாப் போச்சு." டீயைக் குடித்து முடித்தார். "ஆனா வித்தவனும் நானு, தின்னதும் என் வீடு. எட்டு நாள்னு நான் வாயில சொன்னதோட சரி. காகிதத்துல எழுதிக் குடுக்கலீங்க. எழுதியிருந்தா அவன் பொண்டாட்டியாவது படிச்சிருப்பா."

அடுத்த மாதமே கடை வேலையை விட்டுவிட்டு மைசூருக்கு வந்துவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. மூட்டை எடை சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

இனி ஈ விஷயம். நன்றாகக் கனிந்து கறுத்த நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம் ஒன்றை அகலவாய்ப் பாட்டிலில் போட்டு ஜன்னலோரம் வைப்பார். இரண்டு வாரத்தில் அதில் பழ ஈ மொய்க்கும். புதிதாக ஒரு சரக்கு வந்தால் அதில் ஒரு பிடி எடுத்து வேறொரு பாட்டிலில் போட்டு, துணுக்குப் பழமும் இருபது ஈக்களும் உள்ளே விட்டு, வாயை மல் துணியால் கட்டிவிடுவார். மறுநாள் எண்ணுவார். இருபதும் பறந்தால் சரக்கு சுத்தம். செத்துக் கிடந்தால் மூட்டையில் விஷம். ஒரு அட்டையில் "துளசி, 20-க்கு 19 உயிர்" என்று எழுதி மூட்டையில் கட்டிவிடுவார். அந்த அட்டையை யாரும் கேட்கவில்லை. எந்தச் சட்டமும் அதைக் கேட்கவில்லை. முதலாளி சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். பெரும்பாலும் எல்லாச் சரக்கும் தேறிவிடும், தேறாத ஒரு மூட்டை இஞ்சியைத் திருப்பி அனுப்புவதில் அவருக்குப் பெரிய நஷ்டமில்லை.

நஷ்டம் வந்தது வேறொரு இலையில். எங்கள் கம்பெனிக்குச் சோறு போட்டது ஒரு லேகியம். தூக்கம் வராதவர்களும் நோயில் கிடந்து பசி செத்துப் போனவர்களும் மாதக் கணக்கில் காலையும் மாலையும் சாப்பிடுவார்கள். அதற்குக் கஞ்சாச் செடியின் இலை வேண்டும். பூவும் மொக்கும் இல்லாத வெறும் இலை. வைத்திய நூலில் அதற்கு விஜயா என்று பெயர், ஊரில் பங்கி. வடக்கே லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டரிடமிருந்து வருஷத்துக்கு நாலு மூட்டை வரவழைக்க எங்களுக்குக் கலால் துறை பெர்மிட் கொடுத்திருந்தது.

அந்த நாலு மூட்டைக்கு இருந்த மரியாதை எங்கள் யாருக்கும் கிடையாது. தனி அறை, கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி எங்களிடம், இன்னொன்று எக்சைஸ் இன்ஸ்பெக்டரிடம். அவர் வந்தால்தான் அறை திறக்கும். வந்தது எவ்வளவு, அடுப்புக்குப் போனது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று கிராம் கணக்கில் நான் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். ஒரு பிடி இலை வெளியே இருந்தாலும் கேஸ். ஆனால் அந்த இலையில் என்ன தெளித்திருக்கிறார்கள், என்ன தூவியிருக்கிறார்கள் என்று கேட்க எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை. நோயாளி தின்கிற பொருள் என்பது எக்சைஸ் காகிதத்தில் எங்குமே வராது. அவர்களுக்கு அது போதைப் பொருள், அவ்வளவுதான்.

அந்த வருஷம் மூட்டைகள் வந்து இறங்கின. இன்ஸ்பெக்டர் எடை பார்த்தார். கௌதள்ளிக்காரர் தையலை வெட்டி, கையை உள்ளே விட்டு, முகர்ந்தார். மற்ற மூன்று மூட்டைகளையும் முகர்ந்தார்.

"பி.எச்.சி. பொடிங்க," என்றார் முதலாளியிடம். "குடோன்ல பூச்சி விழுகாம இருக்க மேல தூவியிருக்காங்க. நாலு மூட்டைலயும் இருக்குது."

முதலாளி மூன்று தலைமுறையாக மைசூரில் இருக்கிற தமிழர். கோபம் வந்தால்கூடச் சத்தம் போடத் தெரியாது. "ஸ்வல்ப பொறுங்க. நாம என்ன இலையைப் பச்சையாவா போடறோம்? ஏழு தடவை கழுவறோம், பால்ல வேக வைக்கிறோம், நெய்யில வறுக்கறோம். எந்தப் பொடி நிக்கும்?"

"தண்ணியில போறதில்லைங்க அது. நெய்யில கரையறது. நாம வறுக்க வறுக்க லேகியத்துக்குள்ளதான் இறங்கும்."

ஊரில் இதைச் சோதித்துச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அந்த இலையை வாசல் தாண்டி எடுத்துப்போக வேண்டுமென்றால் தனி அனுமதி, அது வர மாசக் கணக்கு. ஆகவே ஈதான் கதி. இன்ஸ்பெக்டர் முன்னிலையில் சோதனைக்கென்று கௌதள்ளிக்காரர் ஒரு பிடி எழுதி வாங்கி, வழக்கம்போல் பாட்டிலில் போட்டார். மறுநாள் இருபதும் மல்லாந்து கிடந்தன.

முதலாளி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "பங்கி தின்னா மனுஷனே குப்புற விழறான், ஈ எந்த மூலைக்கு? தெளிஞ்சா தானே எழுந்து பறக்கும்."

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். கௌதள்ளிக்காரர் சிரிக்கவில்லை. "அப்படியும் இருக்கலாமுங்க. இன்னொரு நாள் பார்த்துடுவோம்," என்றார். மறுநாள் முழுக்க லேகியம் கட்டுகிற பெண்கள் எட்டுப் பேரும் மாற்றி மாற்றி ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள், ஈக்குப் போதை தெளிந்ததா என்று. ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

"ஈக்கு அது ஜாஸ்தி டோஸ்," என்றார் முதலாளி. அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. பொடியால் செத்ததா, இலையாலேயே செத்ததா என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்? அடுத்த நாள் காலை இன்ஸ்பெக்டர் வந்து அறையைத் திறப்பார், முதல் மூட்டை அடுப்புக்குப் போகும் என்று முடிவாயிற்று.

காலையில் இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷர், கன்னடம் மட்டும் பேசுவார், சீக்கிரம் முடித்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓட வேண்டியவர். கௌதள்ளிக்காரர் இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒன்றில் செத்த ஈக்கள். இன்னொன்றில் அதே போல இலை, அதே போலப் பழம், உள்ளே ஈக்கள் குறுக்கும் நெடுக்கும் பறந்துகொண்டிருந்தன.

"ரெண்டுலயும் பங்கிதானுங்க," என்றார். பிறகு கன்னடத்திலும் சொன்னார். "இதுல இருக்கறது போன வருசத்து இலை. பொடி இல்லாதது. ரெண்டு நாளாச்சு, இருபதும் பறக்குது. இலையால ஈ சாகறதில்லை."

முதலாளி பறக்கிற ஈக்களையே பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இன்ஸ்பெக்டருக்கு மட்டும் வேறொன்று புரிந்தது.

"போன வருஷ இலை ஏது?" என்றார் கன்னடத்தில். "மீதி ஒன்றும் இல்லை என்றுதானே ரிஜிஸ்டர்?"

போன வருஷம் கடைசி மூட்டை அடுப்புக்குப் போன அன்று, என்றைக்காவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டி வரும் என்று கௌதள்ளிக்காரர் ஒரு பிடியைத் தன் அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறார். சோதனை என்றால் சுத்தமான ஒன்று பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்பது மட்டும்தான் அவர் புத்தியில் இருந்தது. எடையில் வந்த குறைவை நானும் ஈரம் காய்ந்தது என்று எழுதி முடித்திருந்தேன். பெர்மிட்டுக்கு வெளியே ஒரு பிடி பங்கி. கைது செய்ய அதுவே போதும்.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, அந்தப் பாட்டிலில் இருப்பதை எடுத்து மூட்டையில் போட்டுவிடுங்கள், நான் பார்க்கவில்லை, என்றார். அவர் அப்படிச் சொன்னதே பெரிசு. முதலாளி தலையை ஆட்டினார். இருவருக்கும் அதில் சௌகரியம் இருந்தது. அந்தப் பிடி மூட்டைக்குள் போய்விட்டால் கேஸும் இல்லை, சோதனையும் இல்லை. மூட்டை அடுப்புக்குப் போய்விடும்.

நான் அவர் பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னேன். "அண்ணா, போட்டுடுங்க. சும்னே எதுக்கு வம்பு? உங்களுக்கும் குடும்பம் இருக்கு."

"போட்டுட்டா அதைத் திங்கறவங்களுக்கு யாருங்க சொல்றது?" என்றார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கன்னடத்தில், "கேஸ் எழுதுங்க ஸ்வாமி. எதுக்காக இலையை எடுத்து வெச்சேன்னும் அதுல எழுதிடுங்க," என்றார்.

அப்போதுதான் அவர் என்ன செய்கிறார் என்று எனக்கு உறைத்தது. மூட்டையில் பூச்சி மருந்து இருக்கிறது என்று எழுத எந்தக் காகிதத்திலும் இடம் இல்லை. ஆனால் குற்றவாளியின் வாக்குமூலத்தில் காரணம் எழுத இடம் உண்டு. அது சர்க்கார் காகிதம். அதில் ஒரு தடவை ஏறிவிட்டால் அப்புறம் அந்த நாலு மூட்டையை அடுப்பில் ஏற்ற எந்த முதலாளிக்கும் தைரியம் வராது.

இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல்தான். ஆனாலும் வாக்குமூலத்தைக் கிறுக்கலாக எழுதி முடித்தார். அவர் கையெழுத்து அவருக்கே படிக்க வராது. என் கன்னட எழுத்து நன்றாக இருக்கும் என்பதால் இதை நகல் எடுங்கள் அம்மா என்று என்னிடம் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

என் மேசைக்குப் பக்கத்தில் முதலாளி வந்து நின்றார். "கடைசி வரி வேண்டாம்மா," என்றார் மெதுவாக. "அது கேஸுக்குச் சம்பந்தம் இல்லை. எட்டுப் பொண்ணுங்க அந்த லேகியத்தை நம்பி இருக்காங்க. யோசனை பண்ணு."

யோசனை பண்ணினேன். ரிஜிஸ்டரில் ஈரம் காய்ந்தது என்று நான் எழுதியதைப் பற்றியும் யோசித்தேன்; அது கிளம்பினால் முதலாளி தயவு எனக்கு வேண்டும். பெண்கள் என்று அவர் சொன்னது எனக்கு ஒரு சாக்காக உதவியது. வரப்போகும் இலையோடு ஒப்பிடுவதற்காக வைத்திருந்தேன், இந்த நாலு மூட்டையிலும் பூச்சி மருந்து இருக்கிறது என்கிற வரியை விட்டுவிட்டு நகலை முடித்தேன். இன்ஸ்பெக்டர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடச் சொன்னார்.

கௌதள்ளிக்காரருக்குக் கன்னடம் பேச வரும், படிப்பது மட்டும் மெதுவாகத்தான். விரலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, உதடு அசைய, முழுப் பக்கத்தையும் படித்தார். கடைசிக்கு வந்ததும் விரல் நின்றது. காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு வரி விட்டுப் போச்சுங்க அம்முணி," என்றார். "அந்த வரிக்குத்தானுங்க இந்தக் கையெழுத்தே."

என் மேல் தப்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவசரத்தில் விட்டுப்போனது என்றுதான் நினைத்தார். காகிதத்தை வாங்கி அந்த வரியை எழுதினேன். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கௌதள்ளிக்காரர் எழுதியதை மறுபடி விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மூட்டைகளை, அழித்துவிடலாம் என்று முதலாளியே எழுதிக் கொடுத்து, கொல்லையில் குழி வெட்டி, இன்ஸ்பெக்டர் முன்னால் எரித்தார்கள். அந்த வருஷம் லேகியம் இல்லை. பெண்களுக்கு அரை நாள் வேலை, அரைச் சம்பளம். "நம்ம வயித்துல அடிச்சுட்டுப் போயிட்டாரு பாரு," என்று அவர்களில் மூத்தவள் என் காதுபடச் சொன்னாள். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தாள். கௌதள்ளிக்காரரைக் கோர்ட்டில் அபராதத்தோடு விட்டுவிட்டார்கள்.

கேஸ் முடிந்த வாரம் அவரை வேலையிலிருந்து அனுப்புகிற கடிதத்தை முதலாளி ஆங்கிலத்தில் சொல்ல, நான் டைப் அடித்தேன். தங்கள் சேவை இனித் தேவையில்லை என்று மூன்றே வரி. காரணம் எதுவும் இல்லை. இந்தத் தடவை நான் ஒன்றையும் விடவில்லை, சொன்னதே அவ்வளவுதான்.

கௌதள்ளிக்காரர் என் மேசைக்கு வந்து வாங்கிக்கொண்டார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. ஆனாலும் விரலை வரிக்குக் கீழே வைத்து கடைசி வரை ஓட்டிக்கொண்டு போனார். பிறகு நிமிர்ந்து, "இதுல ஒண்ணும் விட்டுப் போகலீங்களே, அம்முணி?" என்று கேட்டார்.

"இல்லைண்ணா. அவ்வளவுதான்," என்றேன்.

சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் குத்திக் காட்டக் கேட்கவில்லை. என் வார்த்தையை நம்பித்தான் கேட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.